கிருஷ்ணகிரிக்குக் கோடையில் தன்னார்வலராகப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்

நான் மலேசியாவின் ஈப்போக்காரி. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) கையால் சாப்பிட்டு வளர்ந்தவள், ஹரி ராயாவுக்குப் பலகாரத் தட்டோடு வீடு வீடாக நடந்தவள். தாய்மொழி தமிழ். தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியில் பழையபேட்டைப் பக்கம் ஒரு முஸ்லிம் தெருவில் தங்கி, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் வகுப்புக்கு வந்தது இரண்டே பேர். அதில் ஒரு பையன் தங்கையைத் தேடி வந்தவன். அந்த வாரம் முழுக்க நான் செய்த தப்புகளைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். மலேசியா, சிங்கப்பூர், கனடா, லண்டன் என்று எங்கிருந்து போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

1. விசா: 'சும்மா டூரிஸ்ட்ல போயிடலாம்' என்று சொல்பவரிடம் யோசனை கேட்காதீர்கள்

சம்பளமோ வேறு எந்தக் கைம்மாறோ வாங்காத குறுகிய காலத் தன்னார்வப் பணியை இந்தியாவின் சுற்றுலா விசா அனுமதிக்கிறது. ஆனால் அதிகபட்சம் ஒரு மாதம்தான். விசா ஓராண்டுக்கு இருந்தாலும் பணிக்கு இந்த வரம்பு அப்படியேதான். நான் ஏழு வாரத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். பிறகு பணியை 30 நாளுக்குள் சுருக்கி, மிச்ச நாட்களில் வெறும் விருந்தாளியாக இருந்தேன். அதற்கு மேல் வேலை செய்ய வேண்டுமென்றால், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு வேலைவாய்ப்பு விசா எடுக்க வேண்டும். அது தூதரகம் வழியாகப் போகும் தனி வேலை, சில நாளில் முடியாது.

மின்விசாவுக்குப் புறப்பட நாலு நாள் இருக்கும்போது விண்ணப்பித்தாலும் போதும் என்பார்கள். நீங்கள் மூன்று வாரம் முன்பே போடுங்கள். புகைப்படம் சரியில்லை என்று திரும்பி வந்தால் மறுபடி போட நேரம் வேண்டும். 30 நாள் விசாவின் கட்டணம் ஏப்ரல் முதல் ஜூன் வரை குறைவு. பல நாட்டவருக்கு 10 டாலர்தான், மற்ற மாதங்களில் 25. ஆனால் நாட்டுக்கு நாடு இது மாறும், அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தளம் போலவே முகப்பு வைத்துப் பல மடங்கு பிடுங்கும் போலித் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் அட்டை எண்ணைத் தட்ட வேண்டும். வருகையின் நோக்கம் கேட்கும் இடத்தில் உள்ளதையே குறியுங்கள்.

2025 அக்டோபரிலிருந்து மின்வருகை அட்டையும் உண்டு. விமானம் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பிவிடலாம், கட்டணம் கிடையாது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. போகும் இடம் முஸ்லிம் தெரு என்பதால் பள்ளிவாசலோடு உறவு வரத்தான் செய்யும். தொழுகை பார்ப்பது, அழைப்பை ஏற்று விருந்துக்குப் போவது எதற்கும் தடையில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் மார்க்கம் சொல்லும் தப்லீக் பணியோ, எந்த மதப் பிரசாரமோ சுற்றுலா விசாவில் கூடாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களுக்கும் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஊரார் பாசத்தில் 'நாலு ஊர் ஜமாஅத்தோட போயிட்டு வாங்களேன்' என்று நம்மூர் முஸ்லிம் நண்பர்களைக் கூப்பிடுவார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பாஸ்போர்ட் நகல், விசா அனுமதித் தாள் இரண்டிரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு, பயணக் காப்பீடு. பிள்ளைகளோடு பழகப் போகிறீர்கள் என்பதால் உங்கள் நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே காட்டுங்கள். பெற்றோரின் முகத்தில் தெரியும் மாற்றத்துக்காகவே அதை வாங்கலாம்.

அழைப்புக் கடிதம் இரண்டு வாங்குங்கள். ஒன்று வகுப்பை நடத்தும் அறக்கட்டளையோ பள்ளியோ தருவது. இன்னொன்று அந்தப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிர்வாகத் தலைவரான முத்தவல்லி தருவது. இரண்டாவதை நான் வாங்கிப் போகவில்லை. மூன்று நாள் கழித்து முத்தவல்லி கூப்பிட்டனுப்பி, 'யாரும்மா நீங்க, எங்க தெருவுல என்ன பண்றீங்க?' என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். அன்று சாயங்காலம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வகுப்பைப் பற்றி ஒரு வரி சொன்னார்கள். மறுநாள் 19 பிள்ளைகள்.

தன்னார்வப் பணிக்கு 'நிர்வாகக் கட்டணம்' கேட்கும் இணைய முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். என்னிடம் ஒருவர் விமான டிக்கெட்டின் விலையைவிட அதிகம் கேட்டார். கடைசியில் ஒரு நண்பியின் நண்பி மூலமாகவே எல்லாம் நடந்தது.

3. ஃபார்ம் சி: 24 மணி நேரம்

வெளிநாட்டவர் ஒரு வீட்டில் தங்கினால், வீட்டுக்காரர் அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். மாவட்டங்களில் இதற்கான அதிகாரி காவல் கண்காணிப்பாளர்தான். 2025 செப்டம்பரில் சட்டம் புதிதாகிவிட்டது. பழக்கத்தில் எல்லோரும் இந்தப் பதிவுப் படிவத்தை இன்னும் ஃபார்ம் சி என்றுதான் சொல்கிறார்கள், 24 மணி நேரக் கணக்கும் மாறவில்லை.

பொறி எங்கே இருக்கிறது என்றால், வீட்டுக்காரர் முதலில் அந்தத் தளத்தில் தன் பெயரில் கணக்குத் தொடங்கி, அது ஏற்கப்பட வேண்டும். அது உடனே நடக்காது. நான் தங்கிய வீட்டுச் சாச்சா (வீட்டுப் பெரியவர்) நான் வந்திறங்கிய இரவில்தான் உட்கார்ந்து கணக்குத் தொடங்கினார். ஒப்புதல் வந்தது மூன்றாம் நாள். அதற்குள் கெடு தாண்டிவிட்டது. அவரும் நானும் போய் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அபராதம் இல்லை, ஆனால் அறுபது வயது மனிதரை வெயிலில் அலையவிட்ட வெட்கம் எனக்கு. நீங்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அவரைக் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். ஆதார், மின்கட்டண ரசீது, உங்கள் பாஸ்போர்ட், விசா, படம் எல்லாம் அவர் போனில் தயாராக இருக்கட்டும்.

4. நன்கொடைப் பணம்: எடுத்துப் போகாதீர்கள்

எங்கள் கோயில் கமிட்டியிலும் அலுவலகத்திலும் வசூல் செய்து ஒரு தொகை வைத்திருந்தேன். நல்லவேளை, கொடுக்கும் முன் அறக்கட்டளையின் கணக்காளர் தடுத்தார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியத் தொண்டு நிறுவனத்துக்குத் தரும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகும். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம், அதுவும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்றே உள்ள கணக்கில்தான். ஓசிஐ அட்டைக்காரர்களுக்கும் இதே கதி. கையில் ரொக்கமாகத் திணித்தால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். பணத்தை வசூல் கொடுத்தவர்களிடமே திருப்பிவிட்டேன்.

5. ஊர் போய்ச் சேர்வது

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. இதை முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். ஓசூர், தருமபுரி, ஜோலார்பேட்டை என்று எங்காவது இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

விமானத்துக்குப் பெங்களூர்தான் பக்கம். ஊரிலிருந்து ஊர் 90 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் விமான நிலையம் ஊரின் வடகோடியில், கிருஷ்ணகிரிச் சாலை தென்கோடியில். குறுக்கே முழுப் பெங்களூரையும் கடக்க வேண்டும். இரவில் இறங்கினால் விடியும்வரை விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து, முதல் பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டி போய், அங்கிருந்து ஓசூர் வழியாகப் போகும் தமிழ்நாட்டுப் பேருந்தில் ஏறுங்கள். ஓசூரில் மாறிப் போனாலும் மோசமில்லை. எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. டாக்ஸி என்றால் பல ஆயிரம்.

ஏறும்போதே நடத்துநரிடம் 'ஊருக்குள்ள போகுமா?' என்று கேட்டுவிடுங்கள். சேலம் போகும் வண்டிகள் சில நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். பெட்டியோடு பாலத்தடியில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

உள்ளூர் சிம்முக்குப் பாஸ்போர்ட், விசா நகல், படம், கூடவே உள்ளூர்க்காரர் ஒருவரின் எண் வேண்டும். அதனால் சாச்சாவைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே நடையில் முடியும். கடைக்குக் கடை க்யூஆர் அட்டை தொங்கும், உங்களிடம் அதில் பணம் கட்டும் செயலி இருக்காது. ஐம்பதும் நூறுமாக ரொக்கம் வைத்திருங்கள். நம்முடைய மூன்று பட்டை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் கொண்டுபோங்கள்.

6. பேச்சு: தமிழ் போதும், ஆனால் போதாது

என் மிகப்பெரிய அதிர்ச்சி இதுதான். பினாங்குத் தமிழ் முஸ்லிம்களை மனதில் வைத்துப் போனேன். இந்தத் தெருவில் வீட்டுப் பேச்சு உருது, அதிலும் தக்காண வழக்கான தக்கனி. கடையில், பேருந்தில், என்னிடம் எல்லோரும் தமிழ். கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் போனால் வேறு உலகம்.

'ஹவ்' என்றால் ஆமாம். 'நக்கோ' என்றால் வேண்டாம். 'கைக்கு' என்றால் ஏன். 'பஸ்' என்றால் போதும். இந்தக் கடைசிச் சொல்லால் நான் பட்ட பாடு! ஐந்து வயதுக் குழந்தைக்கு ரஸ்னா ஊற்றிக்கொண்டிருந்தேன். 'பஸ், பஸ்' என்றது. ஜன்னல் பக்கம் திரும்பி, 'எங்கடா பஸ்?' என்று நான் தேட, டம்ளர் வழிந்து பாயெல்லாம் ஆரஞ்சு. அன்றிலிருந்து தெருவில் எனக்கு 'பஸ் டீச்சர்' என்று பெயர்.

உறவு முறை சொல்லிக் கூப்பிடுங்கள். வயதில் மூத்த பெண்ணுக்கு ஆபா, வீட்டு அம்மாவுக்குச் சாச்சி, பெரியவருக்குச் சாச்சா, பாட்டிக்கு நன்னி. கடைக்காரர் எவரானாலும் பாய். பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், ஆனால் அடுத்த முறை சோற்றில் ஒரு கரண்டி குறையும். ஸலாம் சொன்னால் பதில் சொல்லுங்கள். ஆண்கள் பெண்களிடமும், பெண்கள் ஆண்களிடமும் கை நீட்டாதீர்கள். நெஞ்சில் கை வைத்தால் போதும்.

7. ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பிரிப்பது

என் முதல் நாள் வகுப்பு காலை 10 மணி. மலேசியாவில் விடுமுறை வகுப்பு என்றால் அப்போதுதானே. அந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் பள்ளிவாசலில் கோடைக்காலத் தீனிய்யாத் (மார்க்கக் கல்வி) வகுப்பில். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே மாதத்தில் அங்கே நாள் இப்படி ஓடும். நாலரை மணி சுமாருக்கு ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு. சாச்சி எழுந்து மோட்டார் போடும் சத்தம். விடிந்ததும் சின்னப் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் மக்தபுக்கு. ஒன்பதிலிருந்து மதியம் வரை தீனிய்யாத். லுஹர் (மதியத் தொழுகை) முடிந்து சாப்பாடு, பிறகு ஊரே உறங்கும். 2 முதல் 3.30 வரை எந்தக் கதவையும் தட்டாதீர்கள், அவசரமென்றால் ஒழிய. அஸர் (பிற்பகல் தொழுகை) பாங்கு அங்கே ஹனஃபி என்ற சட்டப்பிரிவின் வழக்கப்படி தாமதம், 4.45 தாண்டும். மலேசியாவில் கேட்டுப் பழகிய கணக்கு உதவாது. மக்ரிப் (அந்தித் தொழுகை) 6.40 சுமார்.

இந்த இடைவெளிகளில்தான் நீங்கள் நுழைய வேண்டும். எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது: சின்னப் பிள்ளைகளுக்குக் காலை 7.30 முதல் 8.45 வரை. பெரிய பெண்பிள்ளைகளுக்கு 3.30 முதல் அஸர் பாங்கு வரை, ஒரு வீட்டுக் கூடத்தில். பையன்களை அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவில் பிடிக்க நினைக்காதீர்கள், அது கிரிக்கெட்டுக்கு எழுதி வைத்த நேரம். நான் மைதானத்துக்கே போய் ஸ்கோரை ஆங்கிலத்தில் சொல்ல வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

விடுமுறை நாள் வெள்ளிதான்; ஞாயிறு அல்ல. வெள்ளிக்கிழமை குளியல், துவைத்த உடுப்பு, அத்தர், ஜும்மா தொழுகை, பிரியாணி. அன்று வகுப்பு வைத்தால் நீங்களும் கரும்பலகையும்தான். தெருவில் யாராவது தவறிவிட்டால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அன்றும் வகுப்பு கிடையாது. எழுந்து போய்த் துக்கம் விசாரியுங்கள்.

8. வெயிலும் தண்ணீரும்

மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். 38, 39 டிகிரி சாதாரணம். நம்மூர் வெயில் வேர்க்க வைக்கும், இது உலர்த்திவிடும். வேர்க்கவில்லையே என்று தண்ணீர் குடிக்க மறந்துதான் நான் நாலாம் நாள் படுத்தேன். ஓஆர்எஸ் பொட்டலம் மருந்துக் கடையில் சில்லறைக் காசு, பத்து வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு 108.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள் கறை படிந்த பெரியவர்களைப் பார்ப்பீர்கள். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர். குடிக்க 'ஒகேனக்கல் தண்ணி', அதாவது காவிரிக் கூட்டுக் குடிநீர், அல்லது கேன். குழாயில் எது எது என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே நிறம்.

இரவில் மின்சாரம் போனால் மாடி. பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு வேறு மாடி. பாய், தலையணை, கொசுவத்தியோடு ஏறிவிடுவார்கள். என் உருது அந்த மாடியில்தான் வளர்ந்தது.

9. வீட்டுக்குள்

வாசலில் திரை தொங்கும். திறந்த கதவு என்று உள்ளே போய்விடாதீர்கள். வெளியே நின்று குரல் கொடுங்கள். நீங்கள் ஆணாக இருந்து, வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால், 'பாய் இல்லை' என்று உள்ளிருந்து குரல் வரும். அதோடு திரும்பிவிட வேண்டும். உடை: பெண்களுக்குச் சுடிதாரும் துப்பட்டாவும் போதும், தலையை மூடச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. பாங்கு சொல்லும்போது ஆபாக்கள் முந்தானையை இழுத்துவிடுவதைப் பார்த்து என் கையும் தானாகப் போய்விட்டது. ஆண்கள் அரைக்கால் சட்டையில் தெருவில் நடக்காதீர்கள். கைலி பரவாயில்லை. பெண்களைப் படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளை எடுத்தால் பெற்றோரைக் கேளுங்கள்.

சாப்பாடு தரையில் விரிப்பில். பிரியாணி, கத்திரிக்காய், தால்சா என்று வந்துகொண்டே இருக்கும். தட்டைக் கையால் மறைத்து 'பஸ் சாச்சி' என்று சொன்னால்தான் நிற்பார்கள், அதுவும் மூன்றாவது தடவைக்கு. வெளியிலிருந்து மிட்டாய் கொண்டுபோனால் ஜெலட்டின் கேள்வி வரும். நான் கொண்டுபோன சாக்லேட்டில் மலேசிய ஹலால் முத்திரை இருந்ததால் மறுபேச்சு இல்லை. சாச்சா கண்ணாடி போட்டுக்கொண்டு முத்திரையை வாய்விட்டுப் படித்தார்.

தங்கியதற்குப் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நீட்டிப் பார்த்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். 26 கிலோ அரிசி மூட்டை ஒன்று, இரண்டு சிலிண்டர், வாரம் ஒரு முறை கறி. இப்படிக் கொடுத்தால் சத்தமில்லாமல் உள்ளே போகும். மாதம் எனக்கு ஐயாயிரத்துக்குள் ஆனது.

ஊருக்கு மேலே சையத் பாஷா மலைக்கோட்டை, அதில் தர்கா. போக ஆசைப்பட்டால் விடிகாலையில் ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். ஆனால் 'வாங்க, தர்காவுக்குப் போவோம்' என்று எல்லா வீட்டிலும் கூப்பிடாதீர்கள். நேர்ச்சை வைத்துப் போகும் வீடும் உண்டு, அது கூடாது என்று சொல்லும் வீடும் அதே தெருவில் உண்டு. நான் சாப்பாட்டு நடுவே கேட்டுவைத்து, அண்ணன் தம்பி இருவர் அரைமணி நேரம் வாதாடினார்கள். இறைச்சி ஆறியதுதான் மிச்சம்.

10. பக்ரீத்

நோன்பு இப்போது கோடைக்கு வருவதில்லை, ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னதாக நகர்ந்து பிப்ரவரிப் பக்கம் போய்விட்டது. பக்ரீத்தான் கோடையில் விழுகிறது. 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7, 2026-ல் மே கடைசி வாரம். அதற்கு நாலு நாள் முன்பிலிருந்தே வகுப்பு நடக்காது, திட்டத்தில் கழித்துவிடுங்கள். ஆட்டைக் கட்டிவைத்துத் தழை ஊட்டும் பிள்ளைகளை எந்த இலக்கணமும் கட்டிப்போடாது. குர்பானி (ஆட்டைப் பலியிடுவது) பார்க்க மனம் இல்லையென்றால் மாடியில் இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இறைச்சியை மூன்று பங்கு வைத்து, வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கு, இல்லாதவர்களுக்கு என்று பிரிப்பார்கள். பொட்டலம் கட்ட ஆள் வேண்டும், அங்கே போய் உட்காருங்கள். ஒரு மாதம் டீச்சராக இருந்து தெரிந்துகொள்ளாத பேர்களை எல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் தெரிந்துகொண்டேன்.

11. திரும்பும்போது

அறக்கட்டளையிடம் பணி செய்த தேதிகளைக் குறித்து ஒரு கடிதம் வாங்குங்கள். தேதிகள் 30 நாளைத் தாண்டாமல் இருக்கட்டும். விசா முடிய இரண்டு நாளாவது இருக்கும்படி டிக்கெட் போடுங்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழ ஊர். நீங்கள் கிளம்பும் நேரம் தோத்தாபுரியும் செந்தூராவும் தெருவெல்லாம் குவிந்திருக்கும். சாச்சி வைக்கோல் போட்டு ஒரு பெட்டி கட்டி, மேலே என் பெயரை உருதுவில் எழுதிக் கொடுத்தார். அனுமதிச் சீட்டு இல்லாமல் பழத்தை மலேசியாவுக்குள் கொண்டுபோக முடியாது. பெங்களூர் விமான நிலைய வாசலில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெயர் எழுதிய அட்டையை மட்டும் கிழித்து எடுத்து வந்தேன். உங்களுக்கும் கட்டுவார்கள். 'நக்கோ சாச்சி' என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். கேட்க மாட்டார்கள்.